வாயைத் திறக்காத மீன்

இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல், ஒரே ஒரு சொல், பொய் என்று ஆனாலும் என் வாயில் இருக்கும் பற்கள் அத்தனையும் அந்த நிமிஷமே உதிர்ந்து விழட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது. சாப்பாட்டில் ஆசையுள்ள எவனும் பல்லை வைத்துப் பொய்ச்சத்தியம் செய்ய மாட்டான்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவரை எல்லோரும் லென்ஸ் என்றே கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் வரி ரசீதில் மட்டும் இருந்தது. கண் பரிசோதிக்க வருகிறவரின் கண் முன்னால் ஒரு சில்லை வைத்து, "இது தெளிவா?" என்பார். மாற்றி வைத்து, "இல்ல, இதுவா?" என்பார். முப்பது வருஷம் இதையே கேட்டுக் கேட்டு மனிதருக்கு எதிலும் அவசரம் இல்லாமல் போய்விட்டது. அதனாலேயே, யாருக்கு என்ன தொலைந்தாலும், யார்மேல் என்ன சந்தேகம் வந்தாலும், அவர் கடைப் படியேறுவது அந்தத் தெருவில் பழக்கமாகிவிட்டது.

அவருடைய தங்கை புருஷன் இதற்கு நேர்மாறு. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இருபது வருஷம் அடுத்தவர்களுக்காகப் பிரேக் போட்ட அவரது வலது கால், வண்டியில் இல்லாத நேரத்திலும் யாராவது விபரீதமாகப் பேசினால் தரையை ஓங்கி மிதிக்கும். லென்ஸ் அவரை மாப்ளே என்று கூப்பிடுவார். நாமும் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை கடைக்குள் நுழைந்தபோது கையில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி இருந்தது. ஜாடிக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் ஐந்து மீன்கள். கட்டைவிரலில் பாதி நீளம், மழைநாள் வானத்தின் நிறம்.

"மச்சான், இனிமே இது உங்க கடையில இருக்கட்டும். உங்க தங்கச்சி உத்தரவு. வீட்ல இதுங்க இருந்தா நான் இருக்கக்கூடாதாம்."

"என்ன மீன் மாப்ளே?"

"சிக்லிட்டு. மீன் வளர்ப்போர் சங்கச் செயலாளர் என்கிட்டதான வண்டி கத்துக்கிட்டாரு? லைசென்ஸ் வந்த அன்னைக்குப் பரிசா குடுத்தாரு. பாஞ்சு பாஞ்சு ஓடும், கலர் கலரா வரும்னு ஆசையா கொண்டுபோனேன். நாலரை மாசமாச்சு. சிமெண்டுத் தரைக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்குங்க. கேட்டா, 'அது கலப்புச் சரக்குய்யா, சும்மா வச்சுக்கோ'ங்கிறாரு. அதுலயும் இவனப் பாருங்க, பேனா மைய நக்கினவன் மாதிரி உதடு மட்டும் ஒரு தினுசா..."

லென்ஸ் குனிந்து பார்த்தார். துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்த நேரத்தில் பல் டாக்டர் படியேறி வந்தார்.

பல் டாக்டரை அப்படி யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள்தான் அவர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்காருவார்கள். இன்று அவரே கன்னத்தில் கை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"லென்ஸ் சார், என் பொண்ணு கல்யாணம் ஒம்பது மீனால நிக்கப்போகுது."

மாப்பிள்ளையின் வலது கால் தரையை மிதித்தது.

டாக்டர் சொன்னது இதுதான். அவருடைய மகளும் மீன் சங்கச் செயலாளரின் மகனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். இரண்டு குடும்பமும் பேசி முடித்தாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான்கு மாதத்துக்கு முன்னால் செயலாளர் தம்முடைய அரசநீல மீனின் குஞ்சுகள் ஒன்பதை டாக்டருக்குக் கொடுத்தார். அரசநீலம் என்பது சிக்லிட் வகையிலேயே அபூர்வம். வளர்ந்த ஆண் மீன் கருநீலப் பட்டுப்போல மின்னும். அந்த ஊரில் அந்த ஜோடி அவரிடம் மட்டும்தான் இருந்தது. ஒன்பது குஞ்சுகளுக்கும் முதுகுத் துடுப்பின் பின்பக்கம் மிளகு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு. அதுதான் அரசநீலத்தின் பரம்பரை முத்திரை என்று செயலாளர் சங்க மலரில் படத்தோடு கட்டுரையே எழுதியிருந்தார்.

"நேத்து வந்தாரு சார். கையில பூதக்கண்ணாடி. தொட்டி முன்னாடி முக்கால் மணி நேரம் குந்தியிருந்தாரு. எழுந்து, 'முத்திரை எங்க சம்பந்தி?'ன்னாரு. ஒண்ணுலகூடப் பொட்டு இல்ல. மீன் மட்டும் ஒம்பது இருக்கு. 'நல்ல சரக்க வெளிய தள்ளிட்டு எதையோ விட்டு வச்சிருக்கீங்க. குடுத்த மீனையே காப்பாத்தத் தெரியாத வீட்டுல எப்படிச் சம்பந்தம் வைக்கிறது?'ன்னுட்டாரு. அந்த ஜோடியும் போன மாசம் செத்துப்போச்சாம். மிச்சம் இருக்குற வம்சமே அந்த ஒம்பதுதானாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுக்கணும், இல்லாட்டி கல்யாணம் இல்ல."

"பையன் என்ன சொல்றான்?" என்று கேட்டார் லென்ஸ்.

"அப்பா சம்மதம் இல்லாம வேணாங்கிறான். என் பொண்ணும் அதையேதான் சொல்றா. ரெண்டும் நல்ல பிள்ளைங்களாப் போனதுதான் சார் கஷ்டம்."

"தொட்டியப் பாக்கலாமா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஒரு சுவர் முழுக்க அந்தத் தொட்டி இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்பது மீன்கள், நல்ல கொழுத்த சாம்பல் நிறத்தில், ஆளைக் கண்டதும் கண்ணாடியில் வந்து முட்டின. தரையில் மணலும் கல்லும் மட்டும் கிடந்தன. ஒரு மூலையில் புதிதாக நட்ட செடி ஒன்று, இலைகளெல்லாம் ஓரம் கடிபட்டு நின்றது.

"நல்லாச் சாப்பிடுதா?"

"சாப்பாட்டுல குறையே இல்ல சார். நாலே மாசத்துல இந்த வளர்த்தி!" டாக்டரின் குரலில் அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை தட்டியது.

லென்ஸ் ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுக்கு மட்டும் இடது செவுள் மூடி பாதி மடங்கி, உள்ளே சிவப்பு தெரிந்தது. அதை அதிக நேரம் பார்த்தார்.

தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது மருத்துவமனையின் அட்டெண்டர் வேலை. காதில் எந்நேரமும் பஞ்சு சொருகியிருப்பார் என்பதால் அவருக்குப் பஞ்சு என்றே பெயர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டதும் மனிதர் வியர்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் தண்ணி மாத்துறவன். மீன மாத்துறவன் இல்ல."

அவர் போனதும் மாப்பிள்ளை லென்ஸின் காதில் கிசுகிசுத்தார். "மச்சான், முழியப் பாத்தீங்களா? இவன்தான். நான் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க."

லென்ஸ் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த பலகைக்கு முன்னால் போய் நின்றார். பல் பிடுங்கிக்கொண்ட குழந்தைகளை டாக்டரின் மகள் தொட்டிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, தேதி போட்டு, 'வீரர்கள்' என்று தலைப்பிட்ட அந்தப் பலகையில் குத்தி வைப்பாள். கன்னம் வீங்கிய சிரிப்புகள் நாற்பதுக்கு மேல் இருந்தன.

"இதெல்லாம் உங்க போன்ல பெருசா இருக்குமாம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"இருக்கு அங்கிள். ஆனா அதுல பிள்ளைங்க மூஞ்சிதான இருக்கும்?"

"பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு பாக்கணும். வாரத்துக்கு ஒண்ணா, நாலு மாசத்துக்கும் எடுத்து வை. ஞாயித்துக்கிழமை கேக்குறேன்."

அவள் சரி என்றாள். பிறகு தயங்கி, "அங்கிள், பஞ்சு அண்ணன் அப்படிச் செய்யமாட்டார்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு அந்த நம்பிக்கை இல்லை. மறுநாள் காலை பஞ்சு ஒரு பாலிதீன் பையில் தண்ணீரோடு எதையோ மறைத்து எடுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். அப்போது அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தவர் பாட்டு டீச்சர். ஸ்டியரிங்கைப் பிடித்து அன்றைக்கு மூன்றாவது நாள். "அந்த ஆளுக்குப் பின்னாலயே போங்க டீச்சர், சந்தேகம் வராம" என்றார் மாப்பிள்ளை. எல் பலகை மாட்டிய வண்டி நடந்துபோகும் ஓர் ஆளை அரை மணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. இரண்டு இடத்தில் பஞ்சுவே நின்று, ஓரமாக ஒதுங்கி, கையசைத்து வழிகாட்டினார். கடைசியில் மாப்பிள்ளை இறங்கி ஓடிப் பையைப் பிடுங்கிப் பார்த்தபோது உள்ளே மீன் இல்லை. கடையில் வாங்கிய நீர்ச்செடி இருந்தது.

"டாக்டருக்குத் தெரிஞ்சா திட்டுவாருங்க" என்றார் பஞ்சு, அழாத குறையாக. "நான் சரியா பாக்காததால செடி செத்துப்போகுதுன்னு நினைப்பாரு. நடறேன், ரெண்டே நாள்ல மொட்டையா நிக்குது. மாசக்கணக்கா நானே வாங்கி வாங்கி நடறேன்."

இதை மாப்பிள்ளை வெட்கத்தோடு வந்து சொன்னதும் லென்ஸ் முதல்முறையாகச் சிரித்தார். "அருமை மாப்ளே! செடி தின்னுற மீனு. அரசநீலம் செடி தின்னாதே. வண்டிய எடு, செயலாளர் வீட்டுக்குப் போவோம்."

"நான் தப்பால்ல கண்டுபிடிச்சேன்?"

"தப்பான ஆளப் பிடிச்ச, சரியான பையப் பிடிச்ச. போதும்."

செயலாளரின் வீட்டுக் கூடத்தில் ஆறு தொட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. அவர் நெட்டையான, கழுத்துப் பட்டன் வரை போட்ட மனிதர். மாப்பிள்ளையைப் பார்த்ததும் மட்டும் சற்றுக் குழைந்து, "வாங்க குருவே" என்றார். பிறகு நாட்குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து லென்ஸ் மடியில் வைத்தார்.

"எதையும் மறைக்கறவன் இல்ல நான். படிச்சுப் பாருங்க. அந்த மீனோட பிரசவம் முழுக்க இதுல இருக்கு."

அரசநீலம், முட்டைகளை வாயில் அடைகாக்கும் ஜாதி. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் எடுத்துக்கொண்டு, குஞ்சு பொரித்து நீந்தத் தெரியும்வரை வாயைத் திறப்பதில்லை. சாப்பிடுவதும் இல்லை. அதையெல்லாம் விளக்கிவிட்டு, செயலாளர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மாப்பிள்ளை மச்சானின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

'3: முட்டைகளை வாயில் எடுத்தது. 10: தாயைத் தனியாகப் பின்கட்டு டப்பில் விட்டேன். 16, ஞாயிறு: சங்கக் கூட்டம், இரவு திரும்பினேன். 17, காலை: டப்பில் 31 குஞ்சுகள்! பதினான்கே நாளில்! சாதனை. நல்ல நீச்சல், துடுப்பில் பொட்டு. தாயை மக்கில் மொண்டு, அலுங்காமல் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். 18 முதல் 25: தாய் இரை தொடவில்லை. தாடை தொங்குகிறது. பிரசவத் தளர்ச்சி. 26: ஆவேசமாகச் சாப்பிட்டது. 27: பெரிய தொட்டிப் பாறை இடுக்கில் சில சாம்பல் குஞ்சுகள், பொட்டில்லை. கலப்பு. வேண்டாதவை.'

அடுத்த மாதத்தில் ஒரு வரி: 'சம்பந்திக்கு 9 குஞ்சுகள். ஒன்றுக்கு இடது செவுள் மூடி ஊனம், கவனித்துக்கொள்வார்.'

"பதினாலு நாள். வழக்கமா எத்தனை?" என்றார் லென்ஸ்.

"மூணு வாரத்துக்குக் குறையாது. அதனாலதான் சாதனை."

"ஒம்பது டாக்டர்கிட்ட. மீதி இருபத்திரண்டு?"

"சங்க உறுப்பினர்கள் பதினோரு பேருக்கு ஆளுக்கு ரெண்டு. தாய் இருக்கும்போது நமக்கெதுக்குக் குஞ்சுன்னு நான் ஒண்ணுகூட வச்சுக்கல. இப்ப தாயும் போச்சு."

"அவங்க மீனுக்கெல்லாம் முத்திரை இருக்கா?"

செயலாளரின் முகம் சுருங்கியது. "யாரு கண்டா? ரெண்டு மாசமா கூட்டத்துக்கு ஒருத்தர்கூட வரல. ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தருக்கு விருந்தாளி. போன் பண்ணாலும் எடுக்கறதில்ல. நான் மட்டும் போய் நாற்காலி போட்டு, நானே தீர்மானம் போட்டு, நானே நன்றி சொல்லிட்டு வர்றேன்."

லென்ஸ் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனார். அங்கே செயலாளரின் மனைவி ஒரு பெரிய நீல நிறப் பிளாஸ்டிக் டப்பில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"இதுதான் பிரசவம் நடந்த டப்பாம்மா?"

"ஆமா சார். வீட்டுக்கு ஒரே டப்பு. துணிக்கும் இதுதான், மீனுக்குப் பிரசவம் பாக்கவும் இதுதான். ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுலேருந்து சமையலுக்கு மீன உசுரோட வாங்கிட்டு வந்தா, சமைக்கிறவரைக்கும் அதுக்கும் இதுதான். உசுரோட வாங்கினாத்தான் இவரு வாய் வைப்பாரு."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?"

அந்த அம்மாள் பிழிந்துகொண்டிருந்த துணியை மறுபடியும் தண்ணீரில் போட்டார். "நான் இப்ப எதுவும் சொல்லல சார்" என்றார்.

திரும்பும்போது லென்ஸ் வண்டியில் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "மாப்ளே, மார்க்கெட்டுக்கு மீன் போடுறவரு குளத்துக்குப் போ. விரல்நகம் அளவு குஞ்சு நாலு, ஒரே பாட்டில்ல வாங்கு. பாட்டில பேப்பர் சுத்திக் கொண்டா. நீயும் பாக்காதே."

"பாத்தா என்ன?"

"பாத்தா உன் முகத்துல தெரிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை உன் முகத்த எல்லாரும் பாப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காத்திருப்பு அறை நிறைந்தது. பல்வலி இல்லாத ஆட்கள் அந்த நாற்காலிகளில் அத்தனை இறுக்கமாக உட்கார்ந்தது அன்றுதான். செயலாளரும் மனைவியும் ஒரு பக்கம், டாக்டரும் மகளும் எதிர்ப்பக்கம். பஞ்சு கதவோரம். செயலாளரின் மகன் வெளியூர் வேலையில் இருந்தான். அவனுக்குப் பதிலாக அவன் படம் மகளின் போனில் இருந்தது. மேஜைமேல் பேப்பர் சுற்றிய பாட்டிலும், தங்கச்சி உத்தரவால் நாடுகடத்தப்பட்ட ஊறுகாய் ஜாடியும். ஜாடி எதற்கு என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

லென்ஸ் துணியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முதல்ல திருட்டு. திருடன் மீன மாத்தினா ஒரே நாள்ல மாத்துவான். இன்னைக்குப் பொட்டு இருக்கும், நாளைக்கு இருக்காது. இந்தப் படங்களப் பாருங்க."

போன் கைமாறியது. முதல் படத்தில் ஒரு சிறுமி பிடுங்கிய பல்லைத் தூக்கிக் காட்டினாள். பின்னால் சின்னச் சின்ன மீன்களுக்குக் கறுப்புப் பொட்டு. ஐந்தாவது வாரம் அழுத முகம். மீன் பெரிதாகிப் பொட்டு பழுப்பானது. பத்தாவது வாரம் புகைபோல. பதினைந்தில் காணோம்.

"இது தெளிவா?" என்றார் லென்ஸ்.

"அதுக்கென்ன?" என்றார் செயலாளர். "மங்கின மீனா பாத்துப் பாத்து வாராவாரம் மாத்தியிருக்கலாமே?"

"மாத்தலாம். ஆனா எல்லாப் படத்துலயும் இடது செவுள் மூடி மடங்கின ஒருத்தன் இருக்கான். அதோ, இப்பவும் தொட்டியில இருக்கான். அவனப் பத்தி உங்க நாட்குறிப்புலயே எழுதியிருக்கீங்க. செவுள் ஊனமான மீனு ஊர்ல எத்தனை கிடைக்கும்?"

செயலாளர் எழுந்து தொட்டிக்குப் போனார். குனிந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கழுத்துப் பட்டனைக் கழற்றியிருந்தார்.

"அப்ப... முத்திரை அழியுமா?"

"அழியுற முத்திரைதான். மாப்ளே, பேப்பர எடு."

மாப்பிள்ளை பேப்பரை உருவினார். பாட்டிலுக்குள் நான்கு குஞ்சுகள், முதுகுத் துடுப்பில் மிளகுபோல ஒரு பொட்டோடு துள்ளின. அவருடைய கால் தரையை மிதித்த சத்தத்தில் பக்கத்து அறையின் கிண்ணங்கள் குலுங்கின.

"மச்சான்! இது மார்க்கெட்டுக்குப் போற திலாப்பியா!"

"அதேதான். சின்னதுல பொட்டு இருக்கும். வளர வளர மறைஞ்சிடும். செடி கிடைச்சா விடாது, வேகமா வளரும். அதுவும் சிக்லிட் குடும்பம்தான். அரசநீலத்துக்குப் பங்காளி முறை. நிறம் வராத வயசுல சிக்லிட் குஞ்சு எல்லாமே சாம்பல்தான்; பாத்துப் பழகின கண்ணும் ஏமாறும். அரசநீலக் குஞ்ச இந்த ஊர்ல அதுவரைக்கும் யாரும் பாத்ததே இல்ல. முதல்ல கண்ணுல பட்டத சார் அரசநீலம்னு நினைச்சாரு. வேற யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க."

"என் டப்புல திலாப்பியா எப்படி வரும்?" செயலாளரின் குரல் உடைந்தது.

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான்தான்" என்றார்.

"நீயா?"

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நீங்க கூட்டத்துக்குப் போயிட்டீங்க. வாங்கின மீன எங்க விடுறது? உங்க மீன்தான் ஒரு மூலையில வாய மூடிக்கிட்டுச் சிவனேன்னு கிடக்குதேன்னு, இன்னொரு மூலையில விட்டேன். சமைக்க எடுக்கப் போறேன், அது வாயிலேருந்து கொசகொசன்னு என்னமோ கொட்டுச்சு. பயந்து மீன மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன். காலையில பாத்தா நீங்க டப்பச் சுத்திக் குதிக்கிறீங்க. அவ்வளவு சந்தோஷமா உங்களப் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்றது? நானும் வாயத் திறக்கல."

"திலாப்பியாவும் வாயிலதான் குஞ்சு வைக்கும்" என்றார் லென்ஸ். "மிரண்டா துப்பிடும். பதினாலு நாள்ல நடந்த சாதனை இதுதான். உங்க அரசநீலம் வாயே திறக்கல சார். அதனாலதான் அடுத்த எட்டு நாள் சாப்பிடல. தாடை தொங்கினது தளர்ச்சியால இல்ல. உள்ள பிள்ளைங்க இருந்துச்சு."

பல் டாக்டர் தலையை ஆட்டினார். "வாயத் திறந்து பாக்காம வியாதி சொல்லக்கூடாது சம்பந்தி. எங்க தொழில்ல முதல் பாடம்."

செயலாளர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கண்கள் எங்கோ நிலைத்திருந்தன. விரல்விட்டு எண்ணினார். "மூணுல எடுத்துச்சு. இருபத்தாறுல சாப்பிட்டுச்சு. இருபத்தேழு... பாறை இடுக்கு..." சட்டென்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ! கலப்புன்னு நினைச்சுத் தூக்கிக் குடுத்துட்டேனே! கடைசி வம்சம்! குருவே, அந்த அஞ்சும்..."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஜாடியைப் பார்த்தார். உதட்டில் மை நக்கியவன் வெளிச்சத்தில் திரும்பினான். உதட்டில் தொடங்கிய நீலம் இப்போது கன்னம்வரை வந்திருந்தது. சாதாரண நீலம் இல்லை, பட்டுக்கடையில் உள்ளே வைத்து எடுத்துக் காட்டுவார்களே, அந்த நீலம்.

"சிமெண்டுத் தரைன்னு திட்டினேனே ராசா" என்று முணுமுணுத்தார் மாப்பிள்ளை.

செயலாளர் எழுந்து நின்றார். கேட்க வாய் வரவில்லை. பரிசாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை, சம்பந்தியிடம் தவிர. அது அவருக்கே அந்த நிமிஷத்தில் உறைத்திருக்க வேண்டும். டாக்டர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பிறகு கதவோரம் நின்ற பஞ்சுவையும் பார்த்துக் கைகூப்பினார். பஞ்சு பதறிப்போய்க் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டார்.

மாப்பிள்ளைக்கு மனம் அடித்துக்கொண்டது. வாழ்நாளில் முதல்முறையாக ஊரே பொறாமைப்படும் ஒரு பொருள் அவரிடம் இருந்தது. மனைவிக்கு முன்னால் அந்த ஜாடியோடு போய் நிற்கும் காட்சியை நினைத்தே வாய் இனித்தது. எதிரே டாக்டரின் மகள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

அவர் ஜாடியைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"கல்யாணச் சீர். ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க குருவே, எதுவானாலும்!" என்றார் செயலாளர்.

"பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு நீங்க வண்டி ஓட்டக்கூடாது. நான் ஓட்டுறேன். உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்தான், எனக்குத் தெரியும்."

முதலில் சிரித்தவர் செயலாளரின் மனைவி. கடைசியாகச் சிரித்தவர் செயலாளர். ஆனால் அவர்தான் அதிக நேரம் சிரித்தார்.

கடைக்குத் திரும்பும் வழியில் மாப்பிள்ளை கேட்டார். "மச்சான், அந்த இருபத்திரண்டு மீனு?"

"அதுலதான் மாப்ளே எனக்கு உறுதியாச்சு. பொட்டு மங்கினதும் பதினோரு பேரும், நம்ம வீட்லதான் யாரோ மாத்திட்டாங்கன்னு நினைச்சிருக்காங்க. செயலாளர் முகத்துல முழிக்க முடியாம ஒளிஞ்சுட்டாங்க. திருடு ஒரு வீட்ல நடக்கும். பன்னிரண்டு வீட்ல ஒரே நேரத்துல முதுகுவலி வராது."

அடுத்த மாதம் செயலாளர் ஓர் அஞ்சலட்டை அடித்து அனுப்பினார்: 'முத்திரை மறைவது இயல்பே. யாரும் கவலைப்பட வேண்டாம்.' அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கூட்டத்துக்குப் பதினொரு பேரும் வந்தார்கள். மூன்று மாதமாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்த மனைவிமாரையும் கூடவே அழைத்து வந்தார்கள். நாற்காலி போதவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டினார். செயலாளர் முன்னிருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழிநெடுகத் தன் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். ஐந்தில் மூன்று ஆணாகவும் இரண்டு பெண்ணாகவும் வளர்ந்து, அடுத்த வருஷமே அரசநீலம் பல் டாக்டரின் தொட்டியில் வாயை மூடிக்கொண்டது. இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. மூன்று வாரமும் இரண்டு நாளும் காத்திருந்தார்கள். பொட்டே இல்லாத இருபத்தாறு சாம்பல் குஞ்சுகள் வந்தன.

எல்லாம் நடந்தது நடந்தபடி. தொடக்கத்தில் செய்த சத்தியத்தை இங்கே மறுபடியும் சொல்கிறேன், அதில் மாற்றமில்லை.

அந்தப் பல் டாக்டர் என் வாயிலிருந்த கடைசிப் பல்லைப் பிடுங்கி, வருகிற மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது.